ஜன்னல் கம்பிக்கு நேராக ஒரு கண்ணாடி

வேலை முடிந்த வண்டிக் கண்ணாடியை அவள் உடனே கொடுத்துவிட மாட்டாள். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, பட்டறையின் பின்பக்க ஜன்னலுக்கு நேரே தூக்குவாள். அந்த ஜன்னலில் ஏழு கம்பி. கண்ணாடி வழியாக ஏழு கம்பியையும் பார்த்தபடி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு நடை, திரும்ப ஒரு நடை. பிறகு குனிந்து ஒரு தடவை, எக்கி நின்று ஒரு தடவை. வண்டிக்காரர் அவசரமாக வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, வாசலில் மழை கொட்டினாலும் சரி, இது நடந்தே தீரும்.

"என்னக்கா, கண்ணாடிக்கு ஊரைச் சுத்திக் காட்டுறீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவள் சிரிப்பாள். பதில் வராது. ஒன்பது வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஜன்னலக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதும் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவதும் ஒன்றுதான் என்பான் அவள் அண்ணன்.

பட்டறை அண்ணனுடையது. மோட்டார் சைக்கிள் ரிப்பேர். கீழே பட்டறை, மாடியில் வீடு. அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதில் தெரியாமல் இல்லை. நாக்கு நுனிவரை வந்து அப்படியே திரும்பிப் போய்விடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். போதாக்குறைக்கு வகுப்பிலேயே உயரமானவள். "கொக்கு, மீன் தொண்டையில மாட்டிக்கிச்சா?" என்பார்கள். ஒருநாள் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தாள். மறுநாளும் இருந்தாள். அப்படியே நின்றுபோனது. அன்றிலிருந்து தோளைக் குறுக்கி, உயரத்தை எங்காவது ஒளித்துவைக்க முடியுமா என்பது போலவே நடப்பாள்.

அண்ணனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கப் பட்டறைக்கு இறங்கியவள், பெயிண்டர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். அது உப்புத்தாள்தான், ஆனால் ஈரத்தில் தேய்ப்பது. கீறல் விழுந்த ஒரு பழைய முன்கண்ணாடி மூலையில் கிடந்தது. இதையும் அப்படித் தேய்த்தால் என்ன என்று யாரும் இல்லாத ஒரு மத்தியானம் தேய்த்துப் பார்த்தாள். அப்படித்தான் ஆரம்பம்.

மோட்டார் சைக்கிளின் முன்கண்ணாடி பேருக்குத்தான் கண்ணாடி. உண்மையில் அது பிளாஸ்டிக். காற்றும் பூச்சியும் முகத்தில் அறையாமல் இருக்க ஹேண்டில்பாருக்கு முன்னால் வளைந்து நிற்கும். கல் பட்டால்கூடத் தாங்கும். தூசியோடு ஒரு கைக்குட்டை பட்டால் தாங்காது. சரசரவென்று கீறிக்கொள்ளும். கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர்வெயில் அடித்தால் சிலந்தி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டுவது போலத்தான்.

அவள் முதலில் தண்ணீர் விட்டுத் தூசியை ஓடவிடுவாள், துடைக்க மாட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் மெல்ல வருடுவாள். நகம் தடுக்காத கீறல் போய்விடும். நகம் தடுத்தால் ஆழம். அதற்குப் பிறகு ஆயிரம் நம்பர் பேப்பர், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே போவாள். இந்த இடத்தில் கண்ணாடி முழுக்கப் பாலாக வெளுத்துவிடும். வண்டிக்காரர்கள் பதறிப்போவார்கள். "போச்சா? மொத்தமா போச்சா?" பிறகு பாலிஷைப் பனியன் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, பனி விலகுவது போல அந்தப் பக்கத்துச் சுவர் தெரியும், காலண்டர் தெரியும், அண்ணன் முகம் தெரியும். அவளுக்கு அந்த நேரம் பிடிக்கும். பேசாமலேயே ஒருத்தரை வாயடைக்க வைக்கிற வேலை அவளுக்கு வேறு தெரியாது.

சர்வேயர் அந்தப் பட்டறைக்குப் பழைய வாடிக்கை. நிலம் அளக்கிற உத்தியோகம். உயரமான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, வண்டியின் பக்கவாட்டில் கருவிக்கான முக்காலி கட்டியிருக்கும். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. பட்டறைக்குள் நுழையும்போதே, "உன் அலமாரி இடது பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்குப்பா," என்பார். அண்ணன் ரசமட்டம் வைத்துப் பார்ப்பான். இறங்கித்தான் இருக்கும். "இவர் வந்தா செவுத்துல இருக்கிற பல்லிகூட நேரா நடக்கும்," என்று அண்ணன் சிரிப்பான். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் ஓடிப்போய்க் காலண்டரை நேராக்கி வைப்பாள். அவர் உள்ளே வந்து காலண்டரைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்து, "சபாஷ்," என்பார். அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்கிற ஆள் வேறு யாரும் இல்லை.

ஒருநாள் அவர் முன்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். சின்னக் கீறல்கள் நிறைய. அவற்றுக்கு நடுவே, முக்காலியின் இரும்புக் கால் சறுக்கி இழுத்த ஒரு கோடு, சாண் நீளம், அவர் கண்ணுக்கு நேரே. நகம் வைத்தால் நகம் அதிலேயே நின்றது.

"அந்தக் கோடு போகலைன்னாலும் பரவாயில்லைம்மா," என்றார் சர்வேயர். "மத்ததைக் கொஞ்சம் பார்த்துக் குடு, போதும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் அண்ணன் சும்மா இருப்பானா? "சார், யார் கையில குடுத்திருக்கீங்க! கோடு இருந்த இடம் அந்தக் கோட்டுக்கே மறந்துபோகும் பாருங்க."

மறுநாள் மதியத்துக்குள் மற்றதெல்லாம் போய்விட்டது. கோடு மட்டும் இருந்தது. சாப்பிடக் கூப்பிட வந்த அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "எல்லாம் போச்சு, இது மட்டும் முறைச்சுக்கிட்டு நிக்குதே. உங்க அண்ணன் வாய்க்கு இது வேணும்."

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆழமான கீறலை எடுப்பதானால் பேப்பரை ஒரு சின்னக் கட்டையில் சுற்றி, சுற்றிலும் பரவலாகத் தேய்த்து இறக்கவேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் கட்டை வைத்தால் நாள் கணக்கில் ஆகும். அவள் பேப்பரைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டாள். கோட்டின் மேலேயே அழுத்தினாள். சோறு ஆறிப்போனது. விரல் நுனி வெந்த மாதிரி சிவந்தது. பொழுது சாய்வதற்குள் கோடு இருந்த இடம் தெரியவில்லை. பாலிஷ் போட்டதும் கண்ணாடி தண்ணீர் மாதிரி நின்றது.

சர்வேயர் வந்து பார்த்தார். விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார். "அம்மாடி! கண்ணாடி இருக்கா, கழட்டி வச்சுட்டியான்னு பார்த்தேன்!" என்றார். ஆபீஸ் முழுக்கச் சொன்னார். அவர் அனுப்பி இரண்டு மூன்று பேர் கண்ணாடியோடு வந்தார்கள். அந்த வாரம் அவள் கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தாள்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். "வண்டி ஆடுதுப்பா."

அண்ணன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், பேரிங் பார்த்தான், ஃபோர்க்கை ஆட்டிப் பார்த்தான். ஓட்டியும் பார்த்தான். "ஒண்ணும் இல்லையே சார். வெண்ணெயா ஓடுது."

"இல்லப்பா. ரோட்டு நடுவுல வெள்ளைக் கோடு போட்டிருக்கான்ல, அது நெளியுது. கொஞ்ச தூரம் போனா தலை கிறுகிறுன்னு வருது."

"அப்ப வண்டிய விடுங்க, உங்கள சர்வீசுக்கு விடணும்," என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே ஒரு கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் ஒரு புதுக் கதை இருந்தது. மூக்குக்கண்ணாடி மாற்றினார். சரியாகவில்லை. இன்னொரு கண் டாக்டரிடம் போய் மறுபடி மாற்றினார். கண் நன்றாக இருக்கிறது என்று அந்த டாக்டர் காது டாக்டரிடம் அனுப்பினார். "காதுக்குள்ளதான் பேலன்ஸ் இருக்காம்ப்பா. அது போயிடுச்சாம். மாத்திரை குடுத்திருக்கார். ஊரையெல்லாம் ரசமட்டம் வச்சுப் பார்த்தவன் நான், எனக்கே மட்டம் போச்சு பாரு," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கருவியில் ஒரு தடவை பார்த்து எழுதுகிற அளவை இப்போது மூன்று தடவை பார்த்து எழுதுவதாகச் சொன்னார். அவள் பாவமே என்று அவருக்கு டீயில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டாள். மயக்கம் இருப்பவர்களுக்கு எது நல்லது என்று அவளுக்குத் தெரியாது. ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவர் தன் மனைவியோடு வந்தார். வண்டியை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். "யாராவது நல்ல ஆளாப் பார்த்து வித்துக் குடுப்பா. இனிமே எனக்கு வேண்டாம்." வெளிவேலையே வேண்டாம், ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஆபீசுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவர் போன பிறகு அண்ணன் வண்டியைக் கழுவி வைக்கச் சொன்னான்.

பட்டறைக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக் கழுவினாள். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைக்கக் கை எட்டவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நிமிர்ந்தாள். எதிரே பட்டறை ஜன்னல்.

ஏழு கம்பியில் மூன்று கம்பி வளைந்திருந்தன.

தலையை அசைத்தாள். வளைந்த கம்பி நேரானது, நேராக நின்ற கம்பி வளைந்தது. இன்னும் கொஞ்சம் அசைத்தாள். கம்பிகள் தண்ணீருக்குள் கிடப்பவை போல நெளிந்தன. குனிந்தால் எல்லாம் நேர். நிமிர்ந்தால் நெளிவு. அண்ணன் குள்ளம். அவன் ஓட்டும்போது பார்வை அந்த இடத்துக்குக் கீழேயே போயிருக்கும். அவளும் சர்வேயரும்தான் ஒரே உயரம்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். கோடு போன இடம்.

அவளுக்கு முதலில் மனதில் வந்தது சர்வேயர் இல்லை, அண்ணி. அண்ணி என்ன சொல்வாள் என்பது. அடுத்து அண்ணன். அதற்கு அடுத்துத்தான் அவர். அந்த வரிசையை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் முகம் சுடும்.

"கண்ணாடி மங்கலா இருக்குண்ணே, ஒரு கை பார்த்துடறேன்," என்றாள். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரி," என்றான். அவள் கட்டையை எடுத்தாள். பள்ளத்தைச் சுற்றி, ஒரு முழ அகலத்துக்கு, மூன்று நாள் தேய்த்தாள். இரண்டு பக்கமும் சரிவு தெரியாமல் இறக்கினாள். மணிக்கொரு தரம் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஏழு கம்பியும் நேராக நின்றன. நின்றதும் வந்தது நிம்மதிதான். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிட்டது என்ற நிம்மதி.

அந்த வாரக் கடைசியில் சர்வேயர் வண்டிக் காகிதங்களோடு வந்தார். மனைவியும் கூட வந்திருந்தாள். வாங்குகிறவர் இன்னும் வரவில்லை. சர்வேயர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடட்டுமா?"

"வேணாங்க. சொன்னாக் கேளுங்க," என்றாள் மனைவி.

"தெருமுனை வரைக்கும்தாண்டி."

போனார். தெருமுனை தாண்டியும் சத்தம் கேட்டது. மனைவி ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலேயே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "ஆடலை. கோடு நேரா இருக்கு. ஒண்ணுமே ஆடலைடி!"

"மாத்திரை கேட்டிருக்கு," என்றாள் மனைவி, கைகூப்பிக்கொண்டு.

"ஆமா, மாத்திரைதான். டாக்டர் கெட்டிக்காரர்தான்."

அவள் ஜன்னலருகே பனியன் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான், அண்ணி மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். வந்த வார்த்தை திரும்பிப் போனது. அவர் வண்டியை விற்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

நல்லபடியாக முடிந்தது என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் முடியவில்லை. அவர் வண்டியைப் பக்கத்துத் தெருக்களில் மட்டும் ஓட்டினார். தலைச்சுற்றல் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பெரிய ரோட்டுக்குப் போவதென்றால் அண்ணனைப் பின்னாலேயே வரச் சொல்வார். மாத்திரையை நிறுத்தவில்லை. பசியில் ஒருநாள் அண்ணன் தலை சுற்றுகிறது என்றதற்கு, தன் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்து, "இதப் போடு, அற்புதம்," என்றார். ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வெளிவேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

இப்படி நாலு மாதம். அந்த நாலு மாதமும் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் மாடிக்குப் போய்விடுவாள். காலண்டரை நேராக்கி வைப்பதில்லை.

ஒருநாள் தப்பிக்க நேரமில்லை. அவர் உள்ளே வந்துவிட்டார். வழக்கம்போல் சுவரைப் பார்த்தார். காலண்டர் கோணலாகத்தான் இருந்தது. கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அம்மா, இது நேரா இருக்கா பாரு," என்றார். "என் கண்ணை நான் நம்புறதில்லை இப்பல்லாம்."

அவள் காலண்டரை நேராக்கினாள்.

அன்று மாலை அவள் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, பேப்பரைக் கட்டைவிரலில் சுற்றி, வேண்டுமென்றே ஒரு பள்ளம் பறித்தாள். பாலிஷ் போட்டாள். வாயால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அண்ணனிடம்கூடச் சொல்லாமல், அவருடைய ஆபீசுக்குப் போனாள்.

ரெக்கார்டு ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. கூரைவரை இரும்பு அடுக்கு, கட்டுக்கட்டாகக் காகிதம், ஒரே ஒரு ட்யூப்லைட். அவர் ஒரு பழைய நில வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அட, வாம்மா! நீ எங்க இந்தப் பக்கம்? அண்ணன் நல்லா இருக்கானா?"

அவள் துணியைப் பிரித்து, துண்டை அவர் கையில் கொடுத்தாள். "இதால படத்தைப் பாருங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கி வரைபடத்துக்கு மேலே பிடித்தார். ஒரு வயலின் எல்லைக்கோடு நெளிந்தது. கையை எடுத்தார், கோடு நேரானது. மறுபடி வைத்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. அவர் கோடுகளோடு வாழ்ந்த மனிதர், விளக்கம் தேவைப்படவில்லை.

"என் கண்ணாடியா?"

"அந்தக் கோடு போகணும்னு விரலால தேய்ச்சுட்டேன் சார். அங்க பள்ளமாயிடுச்சு. உங்களுக்கு ஒண்ணும் இல்லை. காதுலயும் இல்லை, கண்ணுலயும் இல்லை."

அவள் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"இப்ப எப்படி சரியாச்சு?"

"நான்தான். நீங்க விக்கச் சொல்லி விட்டுட்டுப் போனீங்கல்ல. அப்ப தெரிஞ்சுது. தேய்ச்சு எடுத்துட்டேன்."

அவர் மனதுக்குள் எண்ணுகிறார் என்று தெரிந்தது. "நாலு மாசம்," என்றார்.

"ஆமா சார்."

"அன்னிக்கு நான் ஓட்டிட்டு வந்து நின்னப்ப நீ அங்கதான நின்ன?"

"ஆமா சார்."

"தேய்ச்சது தப்பில்லைம்மா. தேய்க்கிற எவனுக்கும் வரும். ஆனா இந்த நாலு மாசம் நான் ராத்திரி பகல்னு..." முடிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஆறு மாத்திரை காலி. திட்டியிருந்தால் தேவலை. அவர் குரல்கூட உயரவில்லை. "நீ போம்மா," என்றார். "நான் கொஞ்சம் உக்காந்திருக்கேன்."

அவள் துண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் சொன்னாள். அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டான். "உனக்கென்ன பைத்தியமா? அவரு சந்தோஷமா இருந்தாரு. நீ வாயத் திறக்காம இருந்திருந்தா என்ன குடியா முழுகியிருக்கும்? வாய் திறக்க வேற நாளே கிடைக்கலையா உனக்கு?"

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற அண்ணி, அன்று டீயை மட்டும் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவளால் அதைக் குடிக்க முடியவில்லை.

சர்வேயர் மறுபடி வெளிவேலை வேண்டுமென்று ஆபீசில் எழுதிக் கேட்டாராம். வெளிவேலைக்கு ஆள் போட்டாகிவிட்டது, உடம்புக்கு முடியவில்லை என்று நீங்களேதானே எழுதிக் கொடுத்தீர்கள் என்றார்களாம். கண்ணாடியில் பள்ளம் இருந்தது என்று அங்கே போய் எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவள் பேரைக் காப்பாற்றினாரா, தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று அவளுக்குத் தெரியாது.

இது நடந்து ஒன்பது வருடம். சர்வேயர் இன்னும் ரெக்கார்டு ரூமில்தான் இருக்கிறார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவதில்லை. அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார், எவ்வளவு தூரமானாலும் தனியாகப் போகிறார். ஆயில் மாற்ற அண்ணனிடம் வருவார். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார், உள்ளே வருவதில்லை. அவளைப் பார்த்தால் தலையசைப்பார், அவளும் தலையசைப்பாள். தினமும் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து அவர் முன்கண்ணாடி மறுபடியும் கீறல் மயமாகிவிட்டது. எதிர்வெயிலில் வரும்போது தலையை இடப்பக்கம் சாய்த்து, கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டிப் பார்த்து ஓட்டுகிறார். அந்தக் கீறலை எடுத்துக் கொடு என்று அவர் கேட்டதில்லை. எடுத்துத் தருகிறேன் என்று அவளும் சொன்னதில்லை.